போர்வை விற்காத போர்வைக் கடை

"தையல் நன்றாக வரும். கையில் கொஞ்சம் பணமும் இருக்கிறது. சின்னதாக ஒரு கைவேலைக் கடை வைத்தால் பிழைக்க முடியுமா?" என்று கேட்கும் சகோதரிகள் எந்தக் காலத்திலும் உண்டு. 'முடியும்' என்று சொல்லிவிட்டால் அடுத்த வருஷம் என்னைத் திட்டுவீர்கள். 'முடியாது' என்றால் இன்றைக்கே திட்டுவீர்கள். ஆகையால் இரண்டும் சொல்லாமல் உங்களை ஒரு கடைக்கு அழைத்துப் போகலாமென்று உத்தேசம். கொஞ்சம் தூரம்தான். கம்பளிச் சட்டையை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். வேல்ஸ் தேசத்துக்குப் போகிறோம்.

இங்கிலாந்தின் மேற்கு இடுப்பை ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு நாடு அது. 2021-ஆம் வருஷக் கணக்குப்படி ஜனத்தொகை 31 லட்சம். ஆடுகளோ அதைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல்! மலை, மழை, புல், ஆடு, மறுபடியும் மழை. மேற்கே கெரடிகியன் என்ற ஜில்லாவில் லாம்பிட்டர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் தங்கள் பாஷையில் லான்பெட் என்பார்கள். மூவாயிரம் பேருக்கு மேல் தேறாத ஊர். 1965-இல் பிரயாணிகள் ரயிலை நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கு ரயிலைப் பார்க்க வேண்டுமானால் வடக்கே அபரிஸ்ட்வித்துக்கோ தெற்கே கார்மார்தெனுக்கோ இருபது மைலுக்கு மேல் பஸ்ஸில் போக வேண்டும். இந்த மாதிரி ஊரின் கடைத் தெருவில்தான் நம் கடை. நிஜமாக இருக்கும் எந்தக் கடையையும் நான் சொல்லவில்லை. இது நமக்காக நாமே கட்டிக்கொள்ளும் கடை. நீங்கள்தான் முதலாளியம்மாள். சம்மதம்தானே?

வாசலில் 'ஆர் அகோர்' என்று ஒரு பலகை தொங்குகிறது. பயப்படாதீர்கள், அகோரம் ஒன்றுமில்லை. 'திறந்திருக்கிறது' என்று அர்த்தம்.

உள்ளே என்ன விற்கிறீர்கள்? குவில்ட் தைப்பதற்கான சாமான்கள். குவில்ட் என்பது, மேலே ஒரு துணி, அடியில் ஒரு துணி, நடுவே கம்பளியோ பஞ்சோ வைத்து, மூன்றையும் சேர்த்து ஓட்டுத் தையல் போட்டுத் தைத்த கனமான போர்வை. நம் நாட்டில் வடக்கே ரஜாய் என்கிறார்களே, அதற்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் துணி சில சமயம் ஒரே துணியாக இருக்கும். சில சமயம் நூறு வெட்டுத் துணிகளைச் சேர்த்து ஒட்டுப் போட்டதாக இருக்கும். வேல்ஸ் நாட்டுப் போர்வைகளின் விசேஷம் ஒட்டில் அல்ல, தையலில்தான். நத்தைக் கூடு போலச் சுற்றிச் சுற்றிப் போகும் வளையம், இருதய வடிவம், இலை வடிவம் - இவற்றை டெய்லர் சாக் கட்டியால் துணியின் மேல் வரைந்து, அந்தக் கோட்டின் மேலேயே ஊசி போகும். வட்டம் வேண்டுமானால் சமையலறைத் தட்டையோ கோப்பையையோ கவிழ்த்து வரைந்துகொள்வார்கள். மற்றதெல்லாம் கைப்பழக்கம். புள்ளி வைக்காமல் கோலம் போடுகிற பாட்டிமார்களைப் பார்த்திருக்கிறீர்களல்லவா? அந்த ஜாதிக் கை.

கடையின் மூன்று சுவர்களிலும் துணித் தான்கள் வரிசையாக நிற்கின்றன. சுமார் 44 அங்குல அகலம். மொத்த வியாபாரி ஒரு தானில் பத்துப் பதினைந்து கஜத்துக்குக் குறைந்து கொடுக்க மாட்டான். ஒரு தினுசில் ஒரு நிறம் மட்டும் வாங்கினால் போதாது. பூப்போட்ட துணிக்குப் பொருத்தமாகப் புள்ளி போட்டது, கோடு போட்டது, வெறும் நிறம் என்று நாலு தான் கூடவே வர வேண்டும். இல்லாவிட்டால் பூவும் விற்காது. ஆக, உங்கள் முதல் எல்லாம் சுவரில் சாய்ந்துகொண்டு நிற்கிறது. வட்டி தருவதில்லை. வெயில் பட்டால் சாயம் மங்குகிறது. ஜன்னலில் வைத்தால்தான் ஜனங்கள் உள்ளே வருகிறார்கள், ஜன்னலில் வைத்தால்தான் மங்கவும் மங்குகிறது. வேல்ஸில் வெயில் அதிகம் இல்லை என்பது ஓர் ஆறுதல்.

மீட்டர் கணக்கில் வாங்குகிறவர்கள் கொஞ்சம். பெரும்பாலோர் வாங்குவது 'ஃபாட் குவார்ட்டர்'. அப்படியே தமிழ்ப்படுத்தினால் 'கொழுத்த கால்'! ஆட்டுக்கால் இல்லை, கால் மீட்டர். சாதாரணமாகக் கால் மீட்டர் என்றால் நீளமாக, ஒடிசலாக, ரிப்பன் மாதிரி ஒரு துண்டு வரும். அதில் பெரிய சதுரம் எதுவும் வெட்ட முடியாது. எந்தப் புண்ணியவதி கண்டுபிடித்தாளோ, அரை மீட்டரை எடுத்து அகலத்தில் பாதியாக வெட்டினாள். அதே கால் மீட்டர்தான், ஆனால் 50-க்கு 55 சென்டிமீட்டர் என்று ஏறக்குறையச் சதுரமாக வந்துவிட்டது. சுருட்டி, ரிப்பன் கட்டி, கூடையில் அடுக்கினால் மிட்டாய் மாதிரி இருக்கும். 'எதற்கு?' என்று தெரியாமலே வாங்குவார்கள். இந்தக் கூடைதான் பல மாதங்களில் உங்கள் வாடகையைக் கட்டுகிறது.

அப்படி வாங்கிய துணியையெல்லாம் என்ன செய்கிறார்கள்? ஒளித்து வைக்கிறார்கள். புதுப்புடவையைப் பீரோவின் அடித்தட்டில் வைத்துவிட்டு, ஆறு மாதம் கழித்துக் கட்டிக்கொண்டு, "இதுவா? பழசுதான்!" என்று சொல்லும் கலை நமக்கு மட்டும் தெரிந்ததென்று நினைத்தீர்களா? தென் வேல்ஸில் 'குட்ச்' என்று ஓர் அழகான வார்த்தை இருக்கிறது. மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இருட்டு அலமாரிக்கும் குட்ச். ஒருவரை அன்போடு கட்டிக்கொள்வதற்கும் குட்ச். துணி போகிற இடம் முதல் குட்ச். அது எப்போதாவது பேரக் குழந்தைக்குப் போர்வையாக மாறி வெளியே வந்தால் இரண்டாவது குட்ச்.

கணக்குக்கு வருவோம். மீட்டர் 15 பவுனுக்கு விற்கிறீர்கள் என்று வையுங்கள். (பவுன் என்றதும் கழுத்துக்குக் கையைக் கொண்டு போகாதீர்கள். இது அந்த ஊர் நாணயம்.) வருஷ விற்பனை 90,000 பவுனைத் தாண்டினால் சர்க்காரில் பதிவு செய்துகொண்டு விற்பனை வரி கட்ட வேண்டும். 2024 ஏப்ரலுக்கு முன்னால் 85,000 ஆக இருந்த வரம்பு அது. வரி நூற்றுக்கு இருபது. அதாவது அந்தப் பதினைந்தில் இரண்டரைப் பவுன் உங்களுடையதல்ல. வரம்பைத் தாண்டாத சின்னக் கடையாக இருந்தால் தப்பித்தீர்களா என்றால் அதுவும் இல்லை. நீங்கள் சரக்கு வாங்கும்போது மொத்த வியாபாரிக்குக் கட்டிய வரியைத் திரும்பக் கேட்க முடியாது.

இதில் ஒரு வேடிக்கை. குழந்தைக்குத் தைத்த சட்டையைக் கடையில் வாங்கினால் அந்த நாட்டில் இந்த வரியே கிடையாது. அதே குழந்தைக்கு வீட்டில் தாயார் சட்டை தைக்கலாமென்று துணி வாங்கினால் நூற்றுக்கு இருபது வரி உண்டு! சட்டம் எழுதியவர் வீட்டில் ஊசி நூல் இருந்திருக்காது என்பது என் அபிப்பிராயம்.

இப்போது, மத்தியானம் இரண்டு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைக்கு ஒதுங்கிய ஓர் உல்லாசப் பிரயாணி அம்மாள் உள்ளே வருகிறாள். கல்லாப் பெட்டிக்குப் பின்னால் சுவரில் நீங்கள் கையாலேயே தைத்த பெரிய போர்வை ஒன்று தொங்குகிறது. அவள் அண்ணாந்து பார்க்கிறாள். தொட்டுப் பார்க்கிறாள். "என்ன விலை?" என்கிறாள்.

இந்தக் கேள்விக்குத்தான் நான் உங்களை இவ்வளவு தூரம் அழைத்து வந்தேன்.

கணக்குப் போடுங்கள். துணி, கம்பளி, நூல் எல்லாம் சேர்த்து 200 பவுன் என்று வைப்போம். இரட்டைக் கட்டில் அளவு, பழைய முறையில் நெருக்கமான தையல். 200 மணி நேரம் என்று குறைத்தே போடுவோம். தைத்தவர்களுக்குத் தெரியும், அது குறைச்சல்தான். அந்த நாட்டில் 21 வயதான எவருக்கும் ஒரு மணி நேர வேலைக்கு இவ்வளவுக்குக் குறையாமல் கூலி கொடுக்க வேண்டுமென்று சட்டம் இருக்கிறது. 2025 ஏப்ரலில் அதை 12 பவுன் 21 பென்ஸாக வைத்தார்கள். தரையைப் பெருக்குகிறவருக்கும் அதற்குக் குறைந்து கொடுக்கக் கூடாது. அந்தக் கூலியையே உங்கள் விரல்களுக்கும் போட்டால் 2,442 பவுன். சாமானோடு 2,642. கடை வாடகையும் லாபமும் இன்னும் சேர்க்கவில்லை. நம் பணத்தில் இரண்டரை லட்ச ரூபாயைத் தாண்டிவிட்டது.

அந்த அம்மாள் ஐந்து கடை தள்டிப் போனால், அல்லது வீட்டில் உட்கார்ந்தபடியே, கடல் தாண்டி வந்திறங்கிய போர்வை ஒன்றை நூறு பவுனுக்குள் வாங்கிவிடலாம். ஆகவே நீங்கள் என்ன சொல்வீர்கள்? 2,642 என்றால் அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். 400 என்றால் உடனே வாங்கிக்கொள்வாள், ஆனால் உங்கள் கூலி மணிக்கு ஒரு பவுன்! பக்கத்துக் கடையில் சாமான் அடுக்கும் பையன் அதைக் கேட்டால் உங்களுக்காகத் தொழிற்சங்கம் ஆரம்பித்துவிடுவான்.

அனுபவப்பட்ட கடைக்கார அம்மாள் அமைதியாகச் சொல்கிற பதில் ஒன்று உண்டு: "அது விற்பனைக்கு இல்லை. வேண்டுமானால் தைக்கக் கற்றுத் தருகிறேன்."

இந்தத் தொழிலின் சூட்சுமம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. போர்வைக் கடையில் போர்வை விற்பதில்லை. போர்வை தைக்கிற ஆசையை விற்கிறார்கள், அதற்கு வேண்டிய துணியையும் ஊசியையும் அங்குஸ்தானையும் விற்கிறார்கள். வாங்குகிறவள் தன்னுடைய 200 மணி நேரத்தைத் தானே இனாமாகப் போட்டுக்கொள்கிறாள். தனக்காகவோ, மகளுக்காகவோ தைக்கும்போது அவள் மணிக் கணக்குப் பார்ப்பதில்லை. விற்பதற்காகத் தைத்தால்தான் அந்தக் கணக்கு பூதம் மாதிரி எழுந்து நிற்கிறது.

அது இன்று நேற்று எழுந்த பூதமும் அல்ல. போன நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டில் வேல்ஸ் கிராமங்களில், பண்ணை வீடு பண்ணை வீடாகப் போய்ப் போர்வை தைத்துக் கொடுக்கும் ஸ்திரீகள் இருந்தார்கள். கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீடு என்றால் கட்டாயம் கூப்பிடுவார்கள். தையல் சட்டத்தை எடுத்துக்கொண்டு வந்து, அந்த வீட்டிலேயே சாப்பிட்டு, அங்கேயே படுத்து, இரண்டு வாரம் போல் தங்கி ஒரு போர்வையை முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். உள்ளே வைக்கும் கம்பளி பண்ணையில் கிடைத்துவிடும். ஏழை வீடுகளில் வேலி முள்ளில் ஆடு உரசி விட்டுப் போன கம்பளியைப் பொறுக்கிச் சேர்ப்பார்கள். சாப்பாடும் படுக்கையும் போகக் கையில் கிடைத்த காசு சொற்பம். அவர்களில் பெரும்பாலோருடைய பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை.

பெயர் கிடைத்த ஒருவரைச் சொல்கிறேன். ரெக்ஸம் என்ற வட வேல்ஸ் ஊரில் ஜேம்ஸ் வில்லியம்ஸ் என்று ஒரு தையற்காரர். ராணுவ உடுப்புத் தைப்பவர். 1842-இல் ஆரம்பித்து 1852 வரையில், பத்து வருஷம், ஓய்ந்த நேரத்திலெல்லாம் உட்கார்ந்து 4,525 கம்பளித் துண்டுகளைச் சேர்த்து ஒரே விரிப்பைத் தைத்தார். நோவாவின் கப்பல், திமிங்கிலத்தின் வாயில் ஜோனா, மெனாய் தொங்கு பாலம் எல்லாம் அதில் உண்டு. கார்டிஃப் பக்கத்தில் ஸெயிண்ட் ஃபாகன்ஸ் மியூஸியத்தின் சொத்து அது. அற்புதமான வேலை, சந்தேகமில்லை. ஆனாலும் எனக்கு ஒரு சிறு மனத்தாங்கல். ஆண்பிள்ளை ஒரு போர்வை தைத்தால் பெயரும் வருஷமும் துண்டுக் கணக்கும் மியூஸியத்தில் நிற்கிறது. ஐம்பது தைத்த பெண்பிள்ளைக்கு 'தைத்தவர் தெரியவில்லை' என்ற சீட்டு!

பிறகு போர்வைக்கு ஒரு நல்ல காலமும் வந்தது. நிலக்கரிச் சுரங்கங்கள் படுத்து, தென் வேல்ஸில் வீட்டுக்கு வீடு ஆண்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த சமயம். கிராமத் தொழில்களுக்காக ஏற்பட்டிருந்த ஒரு காரியாலயம் 1928-இல், சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பெண்களின் போர்வை வேலையைக் கைதூக்கிவிட ஆரம்பித்தது. மேவிஸ் ஃபிட்ஸ்ராண்டால்ஃப் என்ற அம்மாள் கிராமம் கிராமமாகப் போய், யாருக்குப் பழைய கோலங்கள் இன்னும் கையில் இருக்கின்றன என்று தேடினாள். மட்டத் துணிக்குப் பதில் பட்டும் உயர்ந்த பருத்தியும் கொடுத்தார்கள். சரக்கு லண்டனுக்குப் போயிற்று. பிரபுக்களும் சினிமா நட்சத்திரங்களும் தங்கும் கிளாரிட்ஜ் ஹோட்டலே தன் புதுக் கட்டிடத்துக்குப் போர்வை வேண்டுமென்று ஆர்டர் கொடுத்துவிட்டது! அடுப்பில் உலை வைக்க யோசித்துக்கொண்டிருந்த வீட்டின் வேலை, கிளாரிட்ஜ் கட்டிலில் போய் விரிந்தது. 1939-இல் யுத்தம் வந்தது. துணிக்கும் கட்டுப்பாடு வந்தது. அந்தத் திட்டம் அதோடு போயிற்று. கவனியுங்கள்: நடுவில் ஒருவர் நின்று பணக்காரரிடம் விலை பேசினபோதுதான் அந்தக் கைகளுக்குக் கொஞ்சமாவது விலை கிடைத்தது. அவர் நகர்ந்தார், விலையும் நகர்ந்தது.

இங்கிலாந்தின் வடக்கே டரம் பக்கத்துச் சுரங்கக் கிராமங்களில் இன்னொரு உபாயம் வைத்திருந்தார்கள். புருஷனைப் பறிகொடுத்தவள், அல்லது புருஷன் சுரங்கத்தில் அடிபட்டுக் கிடப்பவள், ஒரு போர்வை 'க்ளப்' ஆரம்பிப்பாள். அக்கம் பக்கத்துப் பெண்கள் வாராவாரம் சிறு தொகை கட்டுவார்கள். முறைப்படி ஒவ்வொருவருக்காக அவள் போர்வை தைத்துக் கொடுப்பாள். நம்முடைய சீட்டுத்தான், வேறென்ன! மொத்தமாகக் கொடுக்க யாரிடமும் பணம் இல்லை. வாரக் காசு எல்லாரிடமும் இருக்கிறது. இன்றைய கடைகளிலும் இதன் பேத்தி ஒன்று உயிரோடு இருக்கிறாள். மாதம் ஒரு தொகை கட்டினால் மாதம் ஒரு பொட்டலம், அதில் ஒரு சதுரத்துக்கு வேண்டிய துணியும் படமும் இருக்கும். பன்னிரண்டு மாதத்தில் பன்னிரண்டு சதுரம், ஒரு போர்வை. உங்களுக்கோ, ஜனவரி மாதத்து வெறும் கல்லாவிலும் நிச்சயமாகக் கொஞ்சம் பணம் விழுகிறது. இந்தத் தொழிலில் எனக்கு ரொம்பப் பிடித்த யோசனை இதுதான்.

இனி, லாரா ஆஷ்லியின் கதை. இதைச் சொல்லாமல் விட்டால் வேல்ஸ்காரிகள் என்னை மன்னிக்க மாட்டார்கள். 1925-இல் தென் வேல்ஸில் டௌலைஸ் என்ற ஊரில் பிறந்தவள். கல்யாணமாகி லண்டனில் குடித்தனம். 1950-க்குப் பின் சில வருஷத்தில், மாதர் சங்கத்தார் ஒரு மியூஸியத்தில் நடத்திய கைவேலைக் கண்காட்சியைப் பார்க்கப் போனாள். ஒட்டுப் போர்வைகளைப் பார்த்ததும் தானும் தைக்க ஆசை. சின்னச் சின்னப் பூப் போட்ட பழைய மாதிரித் துணி எந்தக் கடையிலும் அகப்படவில்லை. நாமாக இருந்தால் கடைக்காரனைத் திட்டிவிட்டு வீட்டுக்கு வந்திருப்போம். அவளும் புருஷனும் பத்துப் பவுனுக்கு மரச்சட்டமும் சாயமும் துணியும் வாங்கி, 1953-இல் சமையலறை மேஜையின் மேலேயே அச்சடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்த வருஷம் 'ரோமன் ஹாலிடே' படம் வெளிவந்தது. ஆட்ரி ஹெப்பர்ன் மாதிரி கழுத்தில் கைக்குட்டை கட்டாத பெண் பெண்ணே இல்லை என்றாயிற்று. அவர்கள் அச்சடித்த கைக்குட்டைகள் பறந்தன.

1961-இல் வேல்ஸின் நடுவிலுள்ள மஹன்லெத் என்ற சிற்றூரில் அவர்களுடைய முதல் கடை திறந்தது. துணியோடு தேனும் கைத்தடியும் விற்றார்கள் அங்கே! பிறகு கார்னோ கிராமத்தில், ரயில் நின்றுபோன ஸ்டேஷன் கட்டிடத்திலேயே தொழிற்சாலை. அந்த மலைப் பிரதேசத்துப் பெண்கள் நூற்றுக்கணக்கானவர்களுக்கு வேலை. உலகமெங்கும் கடைகள். 1985-இல் அவள் காலமானாள். 2020 மார்ச்சில் கம்பெனி திவாலாகி, கடன்காரர்களுக்காக நிர்வகிப்பவர்கள் கைக்குப் போயிற்று. போர்வைக்குத் துணி கிடைக்கவில்லை என்பதால் பிறந்த கம்பெனி உலகைச் சுற்றி வந்து விழுந்தது. அவளைப் போல் வெட்டுத் துணி தேடுகிறவளுக்கு இன்றைக்கும் உங்கள் கடை மாதிரி ஒன்றுதான் கதி.

சரி, அந்தச் சின்னக் கடை எதனால் விழாமல் நிற்கிறது? துணியினால் மட்டும் என்று நான் நம்பவில்லை. துணி தபாலில் மலிவாக வருகிறது. கடையின் பின்கட்டில் ஒரு பெரிய மேஜை இருக்கிறது பாருங்கள், எட்டு நாற்காலி, ஒரு டீப் பானை? அதனால்தான். வாரத்தில் இரண்டு நாள் அங்கே வகுப்பு. 'வகுப்பு' என்று பெயர். மூன்றாவது வாரத்திலேயே எல்லாருக்கும் தைக்கத் தெரிந்துவிடுகிறது. அதன் பிறகும் வருகிறார்கள். ஆட்டுப் பண்ணைக்காரி, ரிடயரான நர்ஸ், புருஷன் போன பிறகு மூன்று மாதமாக வீட்டை விட்டு வெளியே வராமலிருந்தவள், இங்கிலாந்திலிருந்து குடியேறி வந்து அக்கம் பக்கத்தில் ஒருவரையும் தெரியாதவள். கையில் ஊசி இருந்தால் எதிரே இருப்பவளின் முகத்தைப் பார்க்காமலே பேசலாம். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத விஷயங்கள் எத்தனை இருக்கின்றன!

அந்த மேஜையில் எந்தப் பாஷை பேசுவது என்பதும் லேசான விஷயமல்ல. 2021 கணக்கில் வேல்ஸ் முழுவதும் தாய்மொழி பேசுகிறவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுக்கும் குறைவு. கெரடிகியனில் நூற்றுக்கு நாற்பத்தைந்து. பிரிட்டனிலேயே முதல் மாதர் சங்கம் 1915-இல் ஏற்பட்டது எங்கே தெரியுமா? வேல்ஸின் ஆங்கிள்சி தீவில், லான்வைர்புல் என்ற ஊரில். (முழுப் பெயர் 58 எழுத்து. மூச்சு முட்டும், விட்டுவிடுகிறேன்.) அங்கே பிறந்த சங்கமே பிற்பாடு தன் காகிதங்களையெல்லாம் இங்கிலீஷிலேயே நடத்திற்று. பாலா ஊருக்குப் பக்கத்தில் பார்க் என்ற குக்கிராமத்துப் பெண்கள், 'எங்கள் பாஷையில் இல்லாத சங்கம் எங்களுக்கு எதற்கு?' என்று விலகி வந்து 1967-இல் தனிச் சங்கம் கண்டார்கள். 'மெர்ஹெட் அ வௌர்' என்று பெயர் - விடியலின் பெண்கள். இன்றைக்கும் நடக்கிறது. ஆகவே நம் கடையில் ஒரு நாள் வகுப்பு அவர்கள் பாஷையில், ஒரு நாள் இங்கிலீஷில் என்று வைத்துவிடுங்கள். குடியேறி வந்தவள் மெதுவாக 'போரே தா' என்று காலை வணக்கம் சொல்லப் பழகிக்கொண்டு, பாஷைக்காரர்கள் நாளிலும் வந்து உட்காருவாள். இலக்கணம் போதிக்காத வாத்தியார் அந்த மேஜை.

கஷ்ட காலம் வராமலும் இல்லை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகக் கடையைப் பூட்டினார்கள். ஜூன் 22-ந்தேதிதான் திறக்க விட்டார்கள். அக்டோபரில் மறுபடியும் பதினேழு நாள் பூட்டு. ஆனால் ஒரு விசித்திரம் பாருங்கள். ஊரெல்லாம் முகமூடி தைக்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரி நர்ஸுகளுக்கு உடுப்புத் தைத்துக் கொடுக்கப் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் புறப்பட்டார்கள். எலாஸ்டிக் நாடாவுக்குத் தேசமே பறந்தது. பழைய தையல் மிஷின்கள் குட்சிலிருந்து வெளியே வந்தன. பூட்டிய கதவுக்குப் பின்னால் பொட்டலம் கட்டியே பிழைத்த கைவேலைக் கடைகள் பல.

அப்போது பழகிய தபால் வியாபாரத்துக்கும் பின்னால் இடி விழுந்தது. பிரிட்டன் ஐரோப்பியக் கூட்டைவிட்டு விலகியபின், 2021-லிருந்து பிரெஞ்சுக்காரிக்கு ஒரு கொழுத்த கால் அனுப்பவும் சுங்கத் தாள் நிரப்ப வேண்டியதாயிற்று. 2024 டிசம்பரில் இன்னொரு சட்டம்: விற்கும் பொருளுக்குப் பொறுப்பாளி ஒருவர் ஐரோப்பாவுக்குள்ளேயே இருக்க வேண்டுமாம். 'போதுமடா சாமி' என்று அந்தப் பக்கம் அனுப்புவதையே நிறுத்திய சின்ன வியாபாரிகள் அநேகர். அதே டிசம்பர் 7-ந்தேதி, கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடு பிடிக்க வேண்டிய சனிக்கிழமையன்று, 'டாரா' என்ற புயல் மேற்கு வேல்ஸைப் புரட்டியது. மின்சாரமில்லாமல் நாள் கணக்கில் வீடுகள் இருண்டு கிடந்தன. லாம்பிட்டரில் 1822-இல் அஸ்திவாரம் போட்ட பழைய கல்லூரி உண்டு. 2025-இல் அங்கே பாடம் நடத்துவதையும் நிறுத்தி, கார்மார்தெனுக்கு மாற்றிவிட்டார்கள். மாணவர் போனால் டீக்கடை போகும். டீக்கடை போனால் டீ குடிக்க வந்து துணி பார்க்கிறவளும் போவாள். சின்ன ஊரில் ஒரு செங்கல்லை உருவினால் பத்துக் கடை ஆடுகிறது.

இவ்வளவையும் கேட்ட பிறகும் கடையை நடத்துவதாக இருந்தால், இன்னும் ஒரு வாடிக்கைக்காரியைக் கவனித்துவிட்டுப் போங்கள். சாயங்காலம் பலகையைத் திருப்பப் போகிற சமயம், ஒரு பெண் கையில் மூட்டையோடு வருகிறாள். பாட்டியின் போர்வை. சிவப்பும் கறுப்புமாக ஃபிளானல் துணி. பாட்டிக்குப் பின் நாய் படுத்திருக்கிறது, டிராக்டர் இஞ்சினைக் குளிருக்கு மூடியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் பழைய போர்வைகள் பலவற்றின் கதி அதுதான். 1970-க்குப் பிறகு அமெரிக்கர்கள் வந்து ஆசை ஆசையாக வாங்க ஆரம்பித்தபோதுதான் வீட்டுக்காரர்களே விழித்துக்கொண்டார்கள். "ஓரம் கிழிந்துவிட்டது, தைத்துத் தர முடியுமா?" என்கிறாள்.

மேஜைமேல் விரித்து, கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்க்கிறீர்கள். உள்ளே கம்பளி இல்லை. இன்னொரு போர்வை! நைந்துபோன பழைய போர்வையை வீணாக்காமல் உள்ளே வைத்துப் புதிதாக மூடித் தைப்பது அவர்கள் வழக்கம். பாட்டியின் போர்வைக்குள் அவளுடைய பாட்டியின் நத்தைக் கூட்டு வளையம், சாயம் மங்காமல் அப்படியே சுருண்டிருக்கிறது. அந்தப் பெண் வாயடைத்து நிற்கிறாள். பிறகு பர்ஸைத் திறந்துகொண்டு, "எவ்வளவு ஆகும்?" என்று கேட்கிறாள்.

குறைந்தது முப்பது மணி நேர வேலை. நீங்கள்தான் முதலாளியம்மாள். என்ன சொல்லப் போகிறீர்கள்?